துண்டு போட்ட இடம்

மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. இந்த கெமிஸ்ட்ரி லேபில் எப்போதும் இப்படித்தான், ஆசிட் வாடையை அங்கேயே வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மேடை. பெற்றோர் கூட்டம். மைக்கில் கரஸ்பாண்டன்ட் செங்கோட்டுவேல் பேசிக்கொண்டிருக்கிறார். "உங்க புள்ளைங்க எல்லாம் எங்க புள்ளைங்க" என்கிறார். ஹாஸ்டல் ரசத்தைக் குடித்துப் பார்த்த எவரும் அதை நம்பப்போவதில்லை. அவர் முடித்ததும் என் பெயரைச் சொல்வார், பயாலஜி புஷ்பலதா மிஸ் என்று. நான் படியேறிப் போக வேண்டும், தங்க நிற டப்பா ஒன்றைக் கையில் தூக்கிப் பிடிக்க வேண்டும், எனக்கு மறதி இருந்தது, இந்த மாத்திரையைச் சாப்பிட்டேன், மறதி போய்விட்டது என்று சொல்ல வேண்டும். "ரெண்டே வார்த்தைங்க மிஸ். இத்தன வருசமா புள்ளைங்கள மெடிக்கல் சீட்டுக்குத் தயார் பண்றீங்க, உங்களுக்கு இது ஒரு காரியமுங்களா" என்று முன்பே கேட்டிருந்தார். காரியம்தான். மறதி இருந்தது என்பது உண்மை. போய்விட்டது என்பது பொய். நான் அந்த மாத்திரையை வாயில் போட்டதே இல்லை. உண்மையை முன்னால் நடக்கவிட்டுப் பொய்யை அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரச் செய்வது கல்யாணத் தரகர் வேலை, அதை இந்த நாமக்கல்லில் செய்ய ஆளா இல்லை, அதற்கு எம்.எஸ்சி. விலங்கியல் படித்தவள் எதற்கு. காபி ஆறுகிறது. குடி. ரிசெப்டர். வந்துவிட்டது, இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது. ரிசெப்டர், ரிசெப்டர். குளிக்கும்போது கழுத்துச் சங்கிலியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல இப்போதெல்லாம் இந்த ஒரு வார்த்தையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் தொடாமல் இருக்க முடியவில்லை.

அன்றைக்கு அப்படி என்ன நடந்துவிட்டது. இடி விழவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை. ரிப்பீட்டர் பேட்ச், போன வருஷம் சீட் கிடைக்காமல் இன்னொரு வருஷம் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகள், முகத்தில் சிரிப்பே இருக்காது, அவர்களுக்குத்தான் நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நரம்புச் செல்லும் அடுத்த நரம்புச் செல்லும் தொட்டுக்கொள்வதில்லை, நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்து இருக்கிறது, இந்தக் கரையில் இருப்பது ரசாயனத்தைத் தூவிவிடும், அந்தக் கரையில் அதை வாங்கிக்கொள்வதற்கென்று அளவெடுத்துச் செய்தாற்போல உட்கார்ந்திருப்பதுதான், என்றேன். நின்றேன். அதுதான், என்றேன் மறுபடி. வார்த்தை இல்லை. வாங்கிக்கொள்வது எதுவோ அதன் பெயரையே என் மூளை வாங்கிக்கொள்ளவில்லை. வேர்வை கொட்டியது, இந்த வயசில் எதற்கெடுத்தாலும் கொட்டுகிறது, மாதவிலக்கு நிற்கப்போகிறது என்றால் உடம்புக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்துப் பற்றவைத்து அணைக்கிறார்கள். கடைசியில் முதல் பெஞ்சிலிருந்து தரணிகாதான் மெதுவாக, "ரிசெப்டருங்க மிஸ்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, மறப்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் வகுப்பில் கேமரா இருக்கிறது, கேமராவுக்குக் காதும் இருக்கிறது, ஆபீசில் பெரிய டிவிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லா வகுப்பையும் பார்ப்பதுதான் செங்கோட்டுவேல் சாருக்குக் காலை டிபன். மத்தியானமே கூப்பிட்டுவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ், நமக்கும் வயசாகுதில்லீங்களா" என்று அந்த டப்பாவை மேஜை மேல் என் பக்கமாகத் தள்ளினார். ஆபீஸ் கவுன்டரில் பிள்ளைகளுக்கு விற்கிற அதே டப்பா. "பேரண்ட்ஸ்கிட்ட நாங்க சொன்னா யாவாரம்பாங்க, நீங்க சொன்னா நம்புவாங்க. முடியாதுன்னா சொல்லீருங்க. ரிப்பீட்டர் பேட்ச வேற ஆளுகிட்டக் குடுத்துட்டு உங்கள கொஸ்டின் பேப்பர் டைப்பிங்ல போட்டுக்கலாம். ரெஸ்ட்டா இருக்குமுங்க." மிரட்டலுக்குக்கூடச் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பார், கெட்டிக்காரர்.

காபி, ஆமாம், நானும் குடிக்கிறேன், தினம் மூன்று தடவை குடிக்கிறேன், ஆனால் காபிக்கு மாலை போட்டு மேடையில் ஏற்றியதில்லை. காபி என்ன செய்கிறது என்று வகுப்பில் சொல்லித்தான் குடிக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் வந்து நிற்கிறது, கூட்டம், என்ன செய்வோம், ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவோம். துண்டு டிக்கெட் எடுக்காது, துண்டு எந்த ஊருக்கும் போகாது, ஆனால் அந்த சீட்டில் இன்னொருத்தர் உட்கார முடியாது. மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்று ஒன்று சேரும், அதற்கென்று இருக்கிற ரிசெப்டரில், அதாவது அதன் சீட்டில், போய் உட்கார்ந்ததும் உடம்புக்குக் களைப்பு தெரியும், படுக்கச் சொல்லும். காபியில் இருக்கிற காஃபீன் முந்திக்கொண்டு போய் அந்த சீட்டில் துண்டு போட்டுவிடுகிறது. அடினோசின் படிக்கட்டில் தொங்குகிறது. களைப்பு எங்கேயும் போய்விடவில்லை, உட்கார இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். துண்டை எடுத்ததும் தொங்கிக்கொண்டிருந்த கூட்டமெல்லாம் மொத்தமாக ஏறும், அன்றைக்கு நாம் காலி. தினமும் துண்டு போட்டால் மூளை சும்மா இருக்குமா, கூடுதலாக சீட் போட்டுவிடும், அப்புறம் கூடுதலாகத் துண்டு வேண்டும், ஒரு நாள் காபி இல்லையென்றால் தலைவலி அதனால்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள், இங்கே துண்டு போடாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. ஞாபகத்துக்கு வேறு சீட், அங்கே இவ்வளவு சுலபமாக உட்கார முடியாது. குளூட்டமேட் என்கிற ரசாயனத்தை வாங்குகிற ஒரு வகை ரிசெப்டர் இருக்கிறது, அதன் வாசலில் மக்னீசியம் அடைத்துக்கொண்டு நிற்கும், லேசாக ஒரு தரம் தட்டினால் அசையாது, விடாமல் தட்டினால்தான் விலகும், விலகினால்தான் உள்ளே வழி, அதன் பிறகுதான் படித்தது தங்கும், அதுவும் தூங்கி எழுந்தால்தான் உறைக்கும். படிப்பு என்பது தட்டிக்கொண்டே இருப்பது, அதற்குக் குறுக்கு வழி இருந்தால் நானே முதலில் போயிருப்பேன். அந்த டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் என்னென்னவோ இருக்கிறது, வல்லாரை, ஜின்கோ, கோலின். வல்லாரைத் துவையல் எனக்குப் பிடிக்கும், தோசைக்கு நன்றாக இருக்கும். இவற்றையெல்லாம் ஆராய்ந்தவர்கள் சிலர் கொஞ்சம் பலன் உண்டு என்கிறார்கள், சிலர் ஒன்றுமே இல்லை என்கிறார்கள், சண்டை இன்னும் முடியவில்லை. விழுங்கினதெல்லாம் மூளைக்குப் போய்விடவும் முடியாது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் நம் லேடீஸ் ஹாஸ்டல் வாட்ச்மேனைவிடக் கண்டிப்பான காவல் இருக்கிறது. இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். கடைசி வரியைத்தான் விட முடியாது. பச்சைக் காப்பிக்கொட்டைச் சாறு. அங்கே அளவு போடவில்லை. மூலிகை மாத்திரை என்று விற்கிற டப்பாவுக்குள் சத்தமில்லாமல் ஒரு துண்டு மடித்து வைத்திருக்கிறார்கள்.

தரணிகா. மல்லசமுத்திரம் பக்கம். அம்மா சாந்தாமணி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார், சற்று முன்பு எட்டிப் பார்த்தேன், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவை, மடியில் பை, யாராவது தன்னை எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று சீட்டின் நுனியில். மகளைப் பற்றி ஆபீசில் அவரிடம் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். கவனக்குறைவு, படிப்பில் நாட்டமில்லை, கீழ் செக்‌ஷனுக்கு மாற்றுகிறோம், யோசித்துக்கொள்ளுங்கள். ரேங்க் டெஸ்டில் கடைசி இடம். கடைசி இடம் வாங்குகிற பிள்ளையா அது. அந்த ஓஎம்ஆர் தாளை நான் வாங்கிப் பார்த்தேன், விடைக் கட்டங்களை வட்டம் வட்டமாகக் கறுப்பாக்குகிற தாள். ஆரம்பத்திலேயே ஒரு கேள்வியை அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டியிருக்கிறாள், தாளில் அந்த வரிசையைத் தாண்ட மறந்துவிட்டாள். அடுத்த கேள்வியின் விடை இந்தக் கேள்வியின் கட்டத்தில், அதற்கடுத்தது அதற்கு முந்தினதில், கடைசி வரைக்கும் அப்படியே. எல்லாம் சரி, ஒரு வரிசை தள்ளிச் சரி. மெஷினுக்கு அது தெரியுமா, தப்பு தப்பு தப்பு என்று மைனஸ் போட்டுத் துப்பிவிட்டது. ஹாஸ்டலில் ஒரு வழக்கம் கிளம்பியிருக்கிறது, சாதாரண நாளில் ஒரு மாத்திரை, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் டபுள், அதோடு ஃபிளாஸ்க்கில் காபி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "கண்ணே மூடலீங்க மிஸ். விடியறவரைக்கும் நெஞ்சு டக்கு டக்குனு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. ஹால்ல எல்லாம் தெரிஞ்சுதுங்க, கட்டந்தான் ஆடுச்சு." அழவில்லை அவள். அழுதிருந்தால் நான் கொஞ்சம் தேற்றிவிட்டு வந்திருப்பேன். "அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க மிஸ். நாஞ் சொன்னா சாக்கு சொல்றேன்னுதான் நினைப்பாங்க" என்றாள். நான் சொன்னால் நம்புவார்கள். செங்கோட்டுவேல் சாரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் கேட்பது என் வாயைத்தான், ஒரே வாய், இரண்டு பேருக்கும் கொடுக்க முடியாது.

நான் எதிர்த்துப் பேசினால் அடுத்து என்ன வரும் என்று தெரியாதவளா நான். "மிஸ்ஸுக்கு இப்பெல்லாம் கொஞ்சம் ஞாபகம் சரியில்லீங்க, நீங்களே பாத்தீங்கல்ல" என்று சார் ஒரு சிரிப்பு சிரிப்பார். அது போதும், மறதிக்காரி பேச்சு தண்ணீரில் எழுதின எழுத்து. உண்மையாகவே மறதிதானோ. இருக்கட்டும், பயத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு நானே மறைத்து என்ன ஆகப்போகிறது. அப்பா லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர். நாமக்கல்லிலிருந்து குவாஹாட்டி வரைக்கும் ஊர்களை மூச்சுவிடாமல் சொல்வார், நெல்லூர், விஜயவாடா, ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், சிலிகுரி, எங்கே டீசல் நல்லது, எங்கே தாபாவில் உப்பு ஜாஸ்தி என்பது வரைக்கும். முதலில் குவாஹாட்டி போனது. அப்புறம் சிலிகுரி. ஒவ்வொரு ஊராக அந்தக் கோடியிலிருந்து உதிர்ந்து லாரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, கடைசியில் பரமத்தி ரோடு வந்து நின்றது, அப்புறம் எங்கள் வீட்டு வாசல், அப்புறம் அதுவும் இல்லை, நான் யார் என்று மரியாதையாகக் கேட்டார், "நீங்க எந்த கம்பெனிங்க" என்று. எனக்கு இப்போது குவாஹாட்டிதான் போயிருக்கிறதா. டாக்டர் அம்மா சிரிக்கிறார், "ஹார்மோன் மாறுதுங்க, சரியா தூங்கறதில்ல, வார்த்தை லேட்டா வரும், ஆனா வரும், அப்பாவுக்கு வந்தது வேற, இது வேற" என்கிறார். பகலில் நம்புகிறேன். ஒரு மாத்திரையைக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்திருக்கிறேன், டிஷ்யூவில் சுற்றி. எதற்கு வைத்திருக்கிறாய் புஷ்பலதா. ஒருவேளை வேலை செய்தால் என்று. இவ்வளவு தெரிந்த பிறகும் ஒருவேளை. இந்த ஒருவேளையைத்தானே விற்கிறார்கள், டப்பாவுக்குள் இருப்பது அப்புறம். சாந்தாமணியிடம் விற்றதும் அதைத்தான், மகள் மூலமாக. பயந்தவர்கள் இருக்கிற தெருவில் இந்தக் கடை நன்றாக ஓடும், நானும் அதே தெருதான். அதனால்தான் கோபம் இவ்வளவு வருகிறது. லேப் ஸிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிட்டு மாத்திரையைப் போட்டேன். உடனே போகவில்லை, சல்லடை ஓட்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது, அதற்கும் ஒரு சீட் வேண்டும்போல. விரலால் தள்ளிவிட்டேன். ரிசெப்டர். இருக்கிறது.

ஆபீஸ் மரகதம் கதவைத் திறந்து, "மிஸ், சார் கூப்பிடறாருங்க" என்கிறாள். புடவையைச் சரிசெய்கிறேன். படி, கம்பளம், வெளிச்சம், கைதட்டல். டப்பா என் கைக்கு வருகிறது, லேசாக இருக்கிறது, எத்தனை பேர் ராத்திரித் தூக்கம் இதில் இருக்கிறது, இவ்வளவு லேசாக. முதல் வரிசையில் சாந்தாமணி. பின்வரிசையில் ரிப்பீட்டர் பிள்ளைகள் நிற்கிறார்கள், தரணிகா தூண் பக்கம். மைக் சூடாக இருக்கிறது, சாரின் பேச்சுச் சூடு. "எனக்கு மறதி இருந்துச்சுங்க" என்கிறேன். சார் தலையாட்டுகிறார். "இப்பவும் இருக்குதுங்க. இந்த மாத்திரைய நான் சாப்பிடல. ஏன் சாப்பிடலைன்னு சொல்றேன். மூளைல ஒவ்வொரு பொருளையும் வாங்கிக்கறதுக்கு ஒவ்வொரு", என்கிறேன், நிற்கிறேன். இல்லை. கைப்பையில் தேடுவதுபோல உள்ளே எல்லா ஜிப்பையும் திறக்கிறேன், இல்லை, ஸிங்க்கில் தண்ணீரோடு அதுவும் போய்விட்டதா, கூடம் முழுக்க என் வாயையே பார்க்கிறது, வேர்வை முதுகில் கோடு போட்டு இறங்குகிறது. சார் சிரித்துக்கொண்டே மைக்குக்குக் கை நீட்டுகிறார், "பரவால்லீங்க மிஸ், பாத்தீங்களா பேரண்ட்ஸ், இதுக்குத்தான்" என்கிறார். நான் மைக்கை விடவில்லை. என் பிடி எனக்கே புதிதாக இருக்கிறது. "வார்த்தை மறந்துருச்சுங்க. அது வரும்போது வரட்டும். பஸ்ல சீட் இருக்குதில்லீங்க, அதுன்னு வெச்சுக்கங்க" என்கிறேன். சேலம் பஸ்ஸைச் சொல்கிறேன், ஜன்னலைச் சொல்கிறேன், துண்டைச் சொல்கிறேன், ஒரு அப்பா தன் தோளில் கிடக்கிற துண்டைத் தொட்டுப் பார்க்கிறார். "இதுக்குள்ள காப்பிக்கொட்டைச் சாறு இருக்குதுங்க, எவ்வளவுன்னு போடல. நல்லாப் படிக்கற ஒரு புள்ள டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ரெண்டு சாப்புட்டு, காப்பியும் குடிச்சு, பொட்டுத் தூக்கமில்லாமப் போயிக் கட்டம் மாத்திக் கறுப்பாக்கீருச்சு. அத்தனையும் சரியான விடைங்க. ஒரு வரிசை தள்ளிப் போச்சு. அது கவனக்குறைவில்லீங்க. அந்த டப்பா நம்ம ஆபீஸ்ல வித்தது." முதல் வரிசையில் சாந்தாமணி எழுந்து நிற்கிறார், மடியிலிருந்த பை விழுகிறது, எடுக்கவில்லை. "அப்ப எம்புள்ள மக்கில்லீங்களா மிஸ்" என்கிறார். "இல்லீங்க" என்கிறேன். "என் பேச்ச நம்ப வேண்டாம், எனக்குத்தான் மறதியாச்சே. விடைத்தாள வாங்கி நீங்களே ஒரு வரிசை தள்ளி வெச்சுப் பாருங்க."

டப்பாவையும் மைக்கையும் சாரிடமே கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறார், வேறென்ன செய்வார், அத்தனை பேர் பார்க்கிறார்கள். "டைப்பிங் செக்‌ஷன் நாளைலிருந்து" என்கிறார் பல்லுக்குள். "வேற எடத்துலயும் பயாலஜி நடத்தறாங்க சார்" என்கிறேன். படியிறங்குகிறேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை, அப்பாவின் லாரி எங்கேயோ பின்னாலேயே வந்துகொண்டுதான் இருக்கிறது, நாளைக்கு எந்த ஊர் உதிரும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அது உதிர்வதற்குள் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன், என் மறதியைக் கொண்டு எவனும் என் வாயில் துண்டு போட முடியாது. கடைசிப் படியில் கால் வைக்கிறேன். வந்துவிட்டது. தேடவே இல்லை, தட்டவே இல்லை, வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி சாதாரணமாக வந்து நிற்கிறது. திரும்புகிறேன். மறுபடி ஏறுகிறேன். சார் மைக்கில் ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கிறார், "மிஸ்ஸுக்குக் கொஞ்சம் ஒடம்பு" என்கிறார், அவர் கையிலிருந்தே மைக்கை வாங்குகிறேன். தூண் பக்கம் தரணிகாவின் உதடு அந்த வார்த்தைக்குத் தயாராக நிற்கிறது, வேண்டாம் கண்ணு, என்று கையைக் காட்டுகிறேன்.

"ரிசெப்டர்" என்கிறேன். "அந்த வார்த்தை. வந்துருச்சுங்க."